வன்னிக் கிணற்று நீரில் வண்ண மீன்: எதனோடு எதை விடலாம்?

6 மே 2023: புதுக்குடியிருப்பு வாசகர் ஒருவரின் கேள்வி

வவுனியாவிலிருந்து இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றும், ஆறு நியோன் ரெற்றா, இரண்டு ஏஞ்சல், நான்கு டைகர் பார்ப், ஒரு தங்கமீன், தொட்டியைத் துப்புரவாக்கும் என்று சொல்லித் தந்த சக்கர் மீன் ஒன்று ஆகியவையும் வாங்கி வந்தேன். ஒன்பதாம் நாள் மிஞ்சியவை டைகர் பார்ப்பும் சக்கரும் மட்டுமே. எங்கள் கிணற்று நீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் நீர். அந்த நீர்தான் மீன்களைக் கொன்றது என்பது என் முடிவு. குடிப்பதற்கு வாங்கும், இயந்திரத்தில் உப்பு நீக்கிய ஆர்.ஓ. நீரைத் தொட்டிக்கு ஊற்றினால் சரிவருமா?

6 மே 2023, இரவு

நீர்தான் காரணம் என்று நீங்கள் சொல்வது சரி. நியோனின் தாயகம் அமேசன் வடிநிலம். இலைகள் ஊறித் தேநீர் நிறம் கொண்ட, கனியுப்பு மிகக் குறைந்த, சற்றே அமிலத்தன்மையுள்ள நீரில் அது கூட்டமாகத் திரியும். நம் கிணறுகள் அதற்கு நேர்மாறானவை. மன்னாரிலும் பூநகரிப் பக்கத்திலும் நிலத்தின் கீழ் சுண்ணக்கல் இருக்கிறது. வவுனியாவில் அடியில் கிடப்பது கடும்பாறை என்றாலும், சவர்க்காரம் நுரைக்க மறுக்கும் கிணறுகள் அங்கேயும் தாராளம்.

ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்ற வேண்டாம். கல்சியமும் மகனீசியமும் காபனேற்றும் நீக்கப்பட்ட அந்த நீரில் அமில கார அளவைத் தாங்கிப் பிடிக்க எதுவுமில்லை. கழிவு சேரச்சேர அந்த அளவு திடீரெனச் சரியும். கிணற்று நீருடன் கலந்து ஊற்றலாம், ஆனால் ஒவ்வொரு கிழமையும் அதே விகிதத்தில் கலப்பதற்கான பொறுமை எனக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. கடின நீரில் தழைக்கும் மொலி, கப்பி, பிளாட்டி, வாள்வால் ஆகியவற்றை வாங்குங்கள்.

7 மே 2023, காலை

நேற்றிரவு எழுதியதில் பாதி பிழை. படுத்த பின்னர்தான் "ஒன்பதாம் நாள்" என்ற சொல் உறுத்தத் தொடங்கியது. கடைக்கு வரும் நியோன் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தது. நம் நீரில் அது நிறம் மங்கலாம், முட்டை பொரிக்காமல் போகலாம், ஆயுள் குறையலாம். ஆனால் இரண்டு கிழமைக்குள் கூண்டோடு சாகாது. தங்கமீனும் செத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். தங்கமீனுக்குக் கடின நீர் ஒரு பொருட்டே அல்ல. ஆகவே இரண்டையும் கொன்றது வேறொன்று, அது அமோனியா.

மீனின் பூவிலிருந்தும் (இந்திய நூல்களில் செவுள் என்று இருக்கும்), அழுகும் எச்சத்திலிருந்தும், மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா நீரில் சேர்கிறது. அதை நைத்திரைற்றாகவும், பின்னர் அவ்வளவு கேடில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டிப் பெருகுவதற்கு 4 முதல் 6 கிழமைகள் பிடிக்கும். நீங்கள் முதல் நாளே பதினான்கு மீன்களை விட்டிருக்கிறீர்கள். 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 அகலமும் 30 உயரமும் உள்ள தொட்டி விளிம்புவரை நிரம்பினாலும் 54 லீற்றர்தான் கொள்ளும். கல்லையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் 45 லீற்றர் தேறுவதே பெரிது.

இனி, கிணற்றை நான் முற்றாக விடுவிக்கவும் இல்லை. அமோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அவற்றில் ஒன்றுதான் கொடிய நஞ்சு. நீரின் வெப்பம் 30 பாகை செல்சியசாகவும் பி.எச். அளவு (கூடக்கூடக் காரம்) 7 ஆகவும் இருந்தால், மொத்த அமோனியாவில் நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே வெப்பத்தில் பி.எச். 8 ஆனால் ஏழு பங்கைத் தாண்டும், 8.5 ஆனால் இருபது பங்கு. மெதுநீர் உள்ள ஊரில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அழுக்கு, காரத்தன்மையும் சூடும் உள்ள நம் நீரில் பல மடங்கு நஞ்சாகிறது. கொழும்பில் இருக்கும் மைத்துனர் புதுத் தொட்டியில் மறுநாளே மீன் விட்டு வளர்த்தார் என்ற கதையை நம்பி இங்கே யாரும் அப்படிச் செய்யக் கூடாது.

7 மே 2023, பிற்பகல்

ஐந்தாம் நாள் நீர் கலங்கியதால் முழு நீரையும் இறைத்து ஊற்றிவிட்டு, கற்களைச் சவர்க்காரம் போட்டு உரஞ்சிக் கழுவியதாக இப்போது எழுதியிருக்கிறீர்கள். முளைக்கத் தொடங்கியிருந்த பற்றீரியாக்களும் அன்றே போய்விட்டன. டைகர் பார்ப் தப்பியதுதான் வியப்பு. சக்கர் எதற்கும் தப்பும்.

14 மே 2023

யாரோடு யாரை விடுவது என்பதற்கு வருகிறேன், ஏனெனில் அமோனியாவே இல்லாவிட்டாலும் உங்கள் தொட்டியில் சண்டை நிச்சயம்.

ஏஞ்சல் மீனின் வாய் சிறிதாகத் தெரிந்தாலும், அது கையளவு வளர்ந்த பின்னர் நியோன் அதற்கு இரை. இரண்டையும் குஞ்சாக வாங்கும்போது மூன்று நான்கு மாதம் நட்பாகத்தான் இருக்கும். ஒருநாள் காலையில் எண்ணினால் ஆறு ஐந்தாகியிருக்கும், உடல் எங்கேயும் கிடைக்காது. டைகர் பார்ப்புக்கு நீண்டு தொங்கும் செட்டையைக் கண்டால் கடிக்காமல் இருக்க முடியாது. எட்டுக்கு மேல் ஒன்றாக விட்டால் அவை தமக்குள் துரத்தி விளையாடி மற்றவற்றை ஓரளவு மறந்துவிடும், ஆனால் எட்டை விட்டதும் இரண்டடித் தொட்டி நிரம்பிவிடும். நான்கு மட்டும் என்றால் ஏஞ்சலின் செட்டை நூலாகும். தங்கமீன் குளிர்ந்த நீர் மீன், உண்பதும் கழிப்பதும் மிக அதிகம், வளர்ந்தால் ஒரு சாணைத் தாண்டும். அதற்கு 20 பாகை போதும். நம் வீட்டுத் தொட்டியில் சித்திரை மாதத்தில் 31 இருக்கிறது.

சக்கர் 30 சென்ரிமீற்றருக்கு மேல் வளரும். தொட்டியைத் துப்புரவாக்கும் என்பது வியாபாரப் பேச்சு. அது தின்னும் பாசியைவிட இடும் எச்சம் கூடுதல். பசித்தால் இரவில் தங்கமீன், ஏஞ்சல் போன்ற மந்தமான மீன்களின் உடலில் ஒட்டி வழுவழுப்பை உறிஞ்சும். பெருத்துவிட்டது என்று குளத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். இந்த நாட்டின் சில நீர்நிலைகளில் அது ஏற்கனவே விடப்பட்டுப் பெருகியிருக்கிறது. இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ வலை போடுபவரின் கையில் அதன் செட்டை முள் ஏற நீங்கள் காரணமாக வேண்டாம்.

என் இரண்டடித் தொட்டியில் இப்போது ஓர் ஆண் மொலி, மூன்று பெண் மொலி, ஐந்து பிளாட்டி இருக்கின்றன. குட்டியீனும் மீன்களில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் இருக்க வேண்டும். ஆண் கூடினால் ஒரு பெண்ணை ஓயாமல் துரத்தியே களைக்கச் செய்துவிடும். பிளாட்டியும் வாள்வாலும் ஒரே பேரினம் என்பதால் கலந்து ஈனும். நிறம் தூய்மையாக வேண்டும் என்பவர்கள் ஒன்றை மட்டும் வைத்திருங்கள்.

15 மே 2023

பைட்டர் எனும் சண்டை மீனைக் கப்பியோடு விடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நூல்கள் எல்லாம் வேண்டாம் என்கின்றன. நான் விட்டேன். ஏழு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை, ஆகவே நூல்கள் பிழை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அது செத்த பின்னர் வாங்கிய அடுத்த பைட்டர், முதல் இரவிலேயே மூன்று ஆண் கப்பிகளின் வாலைக் கடித்து எறிந்தது. பைட்டருக்கு அகன்ற நிறமுள்ள வால் என்றால் இன்னொரு ஆண் பைட்டர். நான் இரண்டையும் வைத்துப் பார்த்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். மூன்றாவது முறை வைக்க மாட்டேன்.

3 ஜூன் 2023

கேள்வி கேட்டவர் சக்கரைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டைகர் பார்ப்பை உறவினரின் பெரிய சீமெந்துத் தொட்டிக்கு அனுப்பிவிட்டார். வெறும் தொட்டியை இப்போது எப்படிப் பழக்குவது என்கிறார்.

ஓடிக்கொண்டிருக்கும் நலமான தொட்டி யாரிடமாவது இருந்தால், அதன் வடிகட்டிப் பஞ்சை ஒரு வாளி நீரில் பிழிந்து, அந்தக் கரிய கலங்கலை உங்கள் தொட்டியில் ஊற்றுங்கள். பார்க்க அருவருப்பாக இருக்கும். எனினும் கடையில் போத்தலில் விற்கும் எதையும்விட நான் அதை நம்புகிறேன். பிறகு நாளுக்கு ஒரு கிள்ளுத் தீனி மட்டும் போட்டு, இரண்டு கிழமை கழித்து மூன்றே மூன்று மொலிகளை விடுங்கள். மேலும் இரண்டு கிழமை கழித்து மற்றவை. கிழமைக்கு ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். பஞ்சை எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே கழுவுங்கள்.

புதிய சீமெந்துத் தொட்டி கட்டும் எண்ணமும் இருக்கிறதாம். சீமெந்து நீரின் காரத்தை உயர்த்தும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, அழுகியதும் இறைத்து, நான்கைந்து முறை நீர் மாற்றிய பின்னரே மீன் விடுவது இங்கே பழைய வழக்கம். என் தகப்பனார் கிளிநொச்சியில் கட்டிய தொட்டியை அப்படித்தான் பழக்கினார். 2010 இல் நாங்கள் திரும்பி வந்தபோது அது நடுவே பிளந்து கிடந்தது. அதில் இப்போது கறிவேப்பிலைக் கன்று நிற்கிறது.

5 ஜூன் 2023

கடற்கரையில் பொறுக்கிய சங்கும் சிப்பியும் முருகைக்கல்லும் அழகுக்குப் போடலாமா என்றால், வேண்டாம். அவை சுண்ணாம்பு. போதாது என்றா இருக்கிறது?

18 ஜூன் 2023

மீனைப் பையிலிருந்து தொட்டிக்கு மாற்றும் முறை பற்றி முன்னொரு தடவை எழுதியபோது, பையைத் திறந்து கட்டி வைத்துத் தொட்டி நீரை ஒரு மணி நேரம் சிறிது சிறிதாக விடச் சொல்லியிருந்தேன். வவுனியாவிலிருந்து பேருந்தில் மணிக்கணக்காக வரும் மீனுக்கு அது பொருந்தாது. அப்படிச் செய்து இரண்டு முறை மீனை இழந்த பின்னரே காரணத்தைத் தேடினேன். கட்டிய பைக்குள் மீன் மூச்சுவிட்ட காபனீரொட்சைட்டு தேங்கி நீர் அமிலப்படுகிறது. அதனால் பையில் சேர்ந்த அமோனியா நஞ்சற்ற வடிவத்தில் அடங்கிக் கிடக்கிறது. பையை அவிழ்த்ததும் அந்த வாயு வெளியேறுகிறது, நாம் ஊற்றும் கார நீரும் சேர்கிறது, அடங்கியிருந்தது எழும்பிவிடுகிறது. நாம் பொறுமை என்று நினைத்து மீனை நஞ்சில் ஊறவைக்கிறோம்.

ஆகவே, நெடும்பயணம் வந்த பையைக் கட்டியபடியே கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். அவிழ்த்ததும் இரண்டு மூன்று குவளை தொட்டி நீர் விட்டு, உடனே வலையால் கோலி மீனை மட்டும் உள்ளே விடுங்கள். பை நீர் தொட்டிக்குள் போகக் கூடாது. ஊருக்குள்ளேயே பத்து நிமிடத்தில் கொண்டு வந்த மீனுக்குப் பழைய முறையே நல்லது.

9 ஆகஸ்ட் 2023

சோளகக் காற்று புழுதியோடு அடிக்கிறது, தொட்டி நீர் மாலையில் 32 பாகை. மீன்கள் நீர்மட்டத்தில் வாயை வைத்து மூச்சு வாங்குவதாக மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். 20 பாகையில் ஒரு லீற்றர் நீர் 9 மில்லிகிராம் அளவு ஒட்சிசனைக் கொள்ளும், 30 பாகையில் ஏழரைதான். மீனின் தேவையோ சூட்டில் கூடுகிறது. தீனியைப் பாதியாக்குங்கள், மூடியைத் திறந்து வலை கட்டுங்கள், நீர்மட்டம் கலங்கும்படி காற்றுப் பம்பியை ஓடவிடுங்கள்.

மின்சாரம் இல்லாவிட்டால்? 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேரம்வரை வெட்டியபோது நான் கற்றது இது. பம்பி நின்றதும் மீனுக்கு முன்னர் மூச்சுத் திணறுவது பஞ்சில் இருக்கும் பற்றீரியா. மூடிய வடிகட்டிக்குள் தேங்கிய நீர் சில மணி நேரத்தில் நாறத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அது முழுவதையும் தொட்டிக்குள் தள்ளும். முதல் நாள் அப்படித்தான் நான்கு வாள்வால்களை இழந்தேன். மறுநாளிலிருந்து வெட்டு தொடங்கியதும் பஞ்சைக் கழற்றி, நீர்மட்டத்தில் பாதி நனைய மிதக்கவிட்டேன். மகள் அரை மணிக்கு ஒருமுறை செம்பால் மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றினாள்; பாடம் படிப்பதிலிருந்து தப்ப அவளுக்கும் அது வசதி. பைட்டரும் குராமியும் மட்டும் எதையும் கண்டுகொள்ளவில்லை, அவை மேலே வந்து காற்றையே நேராக விழுங்கும் உறுப்புள்ளவை. மின்வெட்டை நம்ப முடியாத வீட்டில் குராமி நல்ல தெரிவு. ஒரு தொட்டிக்கு ஓர் ஆண் மட்டும்.

24 செப்டெம்பர் 2023

வாய்க்கால் மீனை வளர்க்கலாமே, கடை மீன் எதற்கு என்று ஓர் அன்பர் சீண்டியிருக்கிறார். வளர்க்கலாம். நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீரின் மேற்பரப்பிலேயே திரியும் அந்தச் சிறு மீன் நுளம்புக் குடம்பியை விரும்பித் தின்னும். நம் நீரிலேயே பிறந்ததால் நீர்ப் பிரச்சினையும் இல்லை. கப்பிக் குஞ்சையும் விரும்பித் தின்னும் என்பது மட்டும் குறை.

ஆனால் பிடிப்பது எதுவென்று தெரிய வேண்டும். போன மாரியில் அக்கா மகன் வயல் வாய்க்காலிலிருந்து ஒரு போத்தல் நிறையச் செம்மஞ்சள் குஞ்சுகளைக் கொண்டு வந்தான். கடையில்கூட இப்படி நிறம் இல்லை என்று நானே பாராட்டித் தொட்டியில் விட்டேன். ஒரு மாதத்தில் நிறம் கறுத்து, தலை பாம்புத்தலையாக நீண்டது. விரால். என் பிளாட்டிகள் ஏழும் அதற்குள் தீர்ந்திருந்தன. அக்கா குழம்புச் சட்டியைக் காட்டி, இன்னும் கொஞ்சம் வளர்த்துத் தா என்றார்.

வாய்க்கால் பாசியைக் கொண்டு வருபவர்களுக்கும் ஒரு சொல். கொத்தோடு தும்பிக் குடம்பி வரும். அது ஒளிந்திருந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடிக்கும். பாசியை இளஞ்சிவப்பாகக் கரைத்த கொண்டீசு (பொற்றாசியம் பரமங்கனேற்று) நீரில் பத்து நிமிடம் வைத்து, நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள்.

2 ஒக்டோபர் 2023

வடிகட்டியும் பம்பியும் இல்லாமல் கிணற்றில் கப்பி வாழ்கிறதே என்பது மன்னார் வாசகரின் வாதம். உண்மைதான். இலங்கை மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழைப் பெற்ற 2016 ஆம் ஆண்டின் முடிவிலேயே, மன்னாரில் மலேரியா பரப்பும், இந்த நாட்டுக்குப் புதிய நுளம்பு இனம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, அது பெருகிய கிணறுகளில் குடம்பி தின்னும் மீன்கள் விடப்பட்டன.

கணக்கைப் பாருங்கள். 3 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் 2 மீற்றர் நீர் இருந்தால் அது 14,000 லீற்றர். அதில் பத்துக் கப்பி. நீங்கள் 45 லீற்றரில் பதினைந்து விட்டுவிட்டு, கிணற்றில் வாழ்கிறதே என்கிறீர்கள். உங்கள் வாதம் என் பக்கம்தான் சேர்கிறது: பத்துக் கப்பி இடும் அழுக்கு அவ்வளவு நீரில் கரைந்து ஒன்றுமில்லாமல் போகிறது. நீரின் கடினம் அங்கேயும் அதேதான்.

19 டிசம்பர் 2023

மாரி நன்றாகப் பிடித்துவிட்டது. செட்டையில் உப்புத் தூவியதுபோல வெண்புள்ளி என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு ஆண்டும் இந்த நாட்களில்தான் வருகிறது. பகலுக்கும் இரவுக்கும் இடையில் நீர் நான்கைந்து பாகை இறங்குவதே மீனைத் தளர்த்துகிறது. புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது உதிர்ந்து அடியில் விழுந்து, பிளந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக நீந்தி வரும்போதுதான் சாகும். ஆகவே புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்துபவருக்கு அடுத்த கிழமை இரட்டிப்பாகத் திரும்பும்.

நான் லீற்றருக்கு 2 கிராம் கல்லுப்பை இரண்டு நாளில் பிரித்துக் கரைத்து, பத்து நாள் வைத்திருப்பேன். மொலிக்கும் கப்பிக்கும் அது உவப்பு. அடியில் மேயும் கொரிடோராஸ் உப்பைத் தாங்காது. அதை மொலியோடு விடலாம் என்று வேறொருவருக்கு நான் சொன்னதை இந்த ஒரு காரணத்துக்காகவே திரும்பப் பெறுகிறேன்: நோய் வந்தால் ஒரே மருந்து இருவருக்கும் பொருந்தவேண்டும். சேர்த்து விடும்போது யாரும் இதை யோசிப்பதில்லை, நானும் யோசிக்கவில்லை.

11 ஜனவரி 2024

இந்தக் குறிப்பை எழுத வெட்கமாக இருக்கிறது. வெள்ளம் வடிந்த பின்னர் ஊரிலுள்ள கிணறுகளுக்குக் குளோரின் இட்டுச் சென்றார்கள். அது நல்ல வேலை, அவசியமான வேலை. வீட்டில் எல்லோரும் இரண்டு நாள் குடிக்க வேண்டாம் என்று எனக்கும் சொல்லப்பட்டது. குடிக்கவில்லை. மீன்தொட்டிக்கு மூன்று வாளி ஊற்றினேன்.

கால் மணி நேரத்தில் மீன்கள் கண்ணாடியில் மோதத் தொடங்கின, பூக்கள் வெளிறின. நீரின் மணம் அப்போதுதான் மூக்கில் ஏறியது. பழைய மழைநீர் ஒரு பீப்பாய் இருந்ததால் பாதி மீன் தப்பியது; ஐந்து வயது நிரம்பிய கறுப்புப் பெண் மொலி தப்பவில்லை. குளோரின் இட்ட நீரை அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் முழுவதும் திறந்து வைத்தால் பெரும்பகுதி வெளியேறும். அவசரம் என்றால் கடையில் ஹைப்போ என்று கேட்டு வாங்கும், குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேற்றுப் பளிங்குகளில் சில போதும். இதையெல்லாம் மற்றவர்களுக்கு எத்தனை முறை எழுதியிருப்பேன்.

13 ஜனவரி 2024

மழைநீரை ஊற்றினால் நீர் மெதுவாகி மொலி பாதிக்கப்படாதா என்று கேட்டவருக்கு: அன்றைக்கு எனக்கு வேறு நீர் இல்லை. மறுநாளே அயலவரின், குளோரின் இடாத கிணற்றிலிருந்து பாதி மாற்றினேன்.

20 பெப்ரவரி 2024

புதுக்குடியிருப்பிலிருந்து செய்தி. மூன்று மொலிகள் எட்டாகி, இப்போது குஞ்சுகளையும் சேர்த்து இருபத்தாறாம். இதுவரை ஒன்றும் சாகவில்லை. இனி நியோன் வாங்கலாமா என்று கேட்கிறார்.

முதலில் ஆண் குஞ்சுகளைப் பிரியுங்கள். வயிற்றின் கீழுள்ள செட்டை விசிறிபோல் இருந்தால் பெண், குச்சிபோல் ஒடுங்கியிருந்தால் ஆண். பதினைந்தை யாருக்காவது கொடுங்கள். கொடுக்கும்போது உங்கள் பஞ்சைப் பிழிந்த நீரிலும் ஒரு போத்தல் கொடுத்து அனுப்புங்கள்.